முந்தானைச் சாவி

புரட்டாசி 4, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில், புழுக்கம். ராகி காயவில்லை.

இன்று இருந்தவர்கள்: நான். மகன் மாதப்பன். அவனோடு வேலை செய்யும் ஃபிட்டர் பச்சையப்பன். கிருஷ்ணகிரி பஸ் கம்பெனியிலிருந்து நாராயணசாமி, பேண்ட் போட்டவர். பேத்தி செல்வி, மூக்கு ஒழுக. அப்புறம் மருமகள். அவள் பேரை இந்த நோட்டில் எழுத மனசில்லை. காவேரிப்பட்டினத்தாள். கா.ப. போதும்.

எல்லோரையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது.

நாராயணசாமி வந்த காரியம்: ஓசூர் வரைக்கும் அவர்கள் பஸ் வழியில் எங்கே நின்றாலும் மாதப்பன் வேனோடு போய் ரிப்பேர் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க வேலை. மாதப்பன் இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் கம்பெனிக்கு விதிகள் உண்டாம். விதிப்படி நடக்கிறோமா என்று ஒரு வேலையைக் கூடவே நின்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். வாசித்தார்:

மணல் வாளி இரண்டு.
சிவப்புக் கொடி, வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
சக்கரத்துக்கும் அச்சுக்கும் மரக்கட்டை. கல் கூடாது.
பெட்ரோலில் கை கழுவக் கூடாது.
வண்டி கிட்டே பீடி கூடாது. (பச்சையப்பன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.)
வெறுங்கால் கூடாது.
மருந்துப் பெட்டி.
விசில்.
சாவிக்கு ஒரு பொறுப்பாளர்.

கடைசி வரி வந்ததும் நான் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆளு அடியில இருக்கறப்ப சாவி யார் கைல இருக்கும்?"

பச்சையப்பன் சொன்னான்: "இந்தம்மா முந்தானையிலதாங்க. ஏழு வருசமா லாக்கப்பு அதான். டிரைவரு அழுதாலும் வராது."

நாராயணசாமி சிரித்தார். "நல்லதுதான். ஆனா பாரத்துல கையெழுத்து வேணும். இங்கிலீஷ்ல இருக்குது. படிச்சு புரிஞ்சுதான் போடணும்."

மாதப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுங்க. எங்க வீட்ல எட்டாவது படிச்சிருக்குது" என்றான்.

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விரல் வைத்துப் படித்தாள். போட்டாள். கடைசி எழுத்துக்கு ஒரு வால்.

மாதப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

புரட்டாசி 5, செவ்வாய்

மழை இல்லை. பல்வலி. கிராம்பு.

ஏன் சாவி என்னிடம் என்று எழுதி வைக்கிறேன். மறந்ததாக நடிப்பவர்களுக்காக.

என் வீட்டுக்காரர் இதே ரோட்டில் ரிப்பேர் பார்த்தவர். யுத்த காலம். சூளகிரி ஏற்றத்தில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். பர்கூர் கோவிந்தன், அந்த லாரி கிளீனர், நாற்பது வயசு ஆள், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வண்டியைக் கிளப்ப முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். கியரில் இருந்த வண்டி. ஒரு எட்டு குதித்தது. ஒரே எட்டு.

மாதப்பன் தொழிலுக்கு வந்தபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நீ அடியில் போனால் சாவி என் முந்தானையில், ஹேண்டில் என் மடியில். நீ எழுந்து என் முன்னால் நின்றால்தான் முடிச்சு அவிழும். அன்றிலிருந்து வேன் போகும் இடமெல்லாம் நானும். பட்டாளத்தில் கழித்த வேன், உட்கார்ந்தால் இடுப்பு போகும். போனேன். டிரைவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் வண்டியை நிறுத்தியதும் அவர்களே சாவியைக் கொண்டு வந்து நீட்டினார்கள். மைசூர் டிரைவர்கள்கூட, "அஜ்ஜி, தகொள்ளி" என்று கையில் வைப்பார்கள்.

ஏழு வருஷத்தில் அவனுக்கு ஒரு நகம் பெயர்ந்ததில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கா.ப. இங்கே வரவே இல்லை. தாய் படுக்கையில் என்று காவேரிப்பட்டினத்திலேயே இருந்தாள். பேத்தி பிறந்தது அங்கே, தவழ்ந்தது அங்கே. இவன்தான் மாதம் ஒருமுறை போய் வந்தான். தாய் போன பிறகு, இந்தத் தையில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்து ஒன்பது மாதம். சாவி போய்விட்டது.

புரட்டாசி 7, வியாழன்

மேகமூட்டம். கருப்புக் கோழி முட்டை இடவில்லை.

விசில் வந்தது. அவள் கழுத்தில், சிவப்புக் கயிற்றில். அதே கயிற்றில் சாவிக்கு ஒரு வளையம். ஆள் அடியில் போகும்போது ஒரு நீள விசில், வெளியே வந்தால் இரண்டு. நாள் பூராவும் பழகினாள். செல்வி அவள் பின்னாலேயே. "எங்கம்மா போலீசு, எங்கம்மா போலீசு." எனக்குத் தலை நொந்துவிட்டது. என் முந்தானை முடிச்சைக் காட்டி இந்தக் குழந்தை ஒரு நாளும் ஆடியதில்லை.

மணல் வாளியில் பூனை போய்விட்டது. கா.ப. மூக்கைப் பிடித்துக்கொண்டு மணலை மாற்றினாள். பச்சையப்பன், "நெருப்ப அணைக்கறதுக்கு இதுவும் ஆவும், உடுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

இன்னொன்று. கீரைக்காரி வந்தாள், பாகலூர் பக்கத்துக் கன்னடக்காரி. போகும்போது கூடையைத் தலைக்கு ஏற்ற ஆள் வேண்டும். கா.ப.வைப் பார்த்து, "ஸ்வல்ப எத்தம்மா" என்றாள். கா.ப. முழித்தாள். கூடையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் போய்த் தூக்கி விட்டேன்.

பிறகு கேட்டாள்: "அத்த, அந்தம்மா இன்னாத்துக்கு கூடய எத்தச் சொன்னாங்க?"

அவர்கள் ஊரில் எத்து என்றால் உதை. எங்கள் ஊரிலும் தமிழில் அதுதான். கன்னடத்தில் எத்து என்றால் தூக்கு. தெலுங்கிலும் தூக்கு. எங்கள் குருபரப்பள்ளியில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும், எந்த வாயிலிருந்து வந்தால் எந்த எத்து என்று. எட்டாவது படித்தவளுக்குத் தெரியவில்லை.

நான் சொன்னேன்: "கீரை விக்கல. கோவம். ஒதச்சி தள்ளுன்னு சொல்லியிருப்பா."

"ஐயோ பாவம்" என்றாள்.

இங்கிலீஷ் பாரம் படிப்பவள். கன்னடத்தையும் பாரத்தில் படித்துக்கொள்ளட்டும்.

புரட்டாசி 9, சனி

நல்ல வெயில். விரதம். பச்சையப்பன் மட்டும் கருவாட்டு வாசனையோடு வந்தான். பெருமாள் பார்த்துக்கொள்வார்.

ஊர் எல்லையில் ஒரு பஸ், கிளட்ச். போனோம். டிரைவர் பழக்கத்தில் சாவியை என்னிடம் நீட்டினான். மாதப்பன், "அங்க குடுப்பா" என்று கா.ப.வைக் காட்டினான். டிரைவர் என்னைப் பார்த்து, "ஏன் ஆயா, ரிட்டயர்டா?" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜன்னலோரம் இரண்டாவது சீட்டு, பச்சை ரவிக்கைக்காரி, அதிகம் சிரித்தவள். முகம் ஞாபகம் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த வேலை: சிவப்புக் கொடி. இருபது அடி தள்ளி நிற்க வேண்டும்.

நின்றேன். ஆனால் கேட்டேன், சத்தமாக: "சக்கரம் கழட்டுற வேலைன்னா கழட்டுனத அப்பிடியே வண்டிக்கி அடியில படுக்கப் போடணும். கட்ட ஏமாத்தும், ஜாக்கி ஏமாத்தும், டயரு ஏமாத்தாது. உங்க கம்பெனி லிஸ்டுல அது இருக்குதா?"

கா.ப. பாரத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க அத்த" என்றாள். அத்தோடு விடுவாள் என்று பார்த்தால், இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்து என்னவோ கிறுக்கினாள்.

சண்டை போட்டால் பதில் சொல்லலாம். இவள் எழுதிக்கொள்கிறாள்.

புரட்டாசி 11, திங்கள்

கிருஷ்ணகிரி போய் வந்த மாதப்பன் ஒரு பொட்டலம் கொண்டு வந்தான். எனக்கு மருந்து என்று நினைத்தேன். பூட்ஸ். பழைய பட்டாள பூட்ஸ், முனையில் தடித்த தோல். யாருக்கு? வெறுங்கால் கூடாது என்று விதி அல்லவா, பொறுப்பாளருக்கு.

சேலைக்கு அடியில் பூட்ஸ். தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு நஞ்சம்மா, "ஏம்மே, உன் மருமவ சண்டைக்கு போறாளா?" என்றாள். "எங்கிட்ட இல்ல" என்றேன்.

கா.ப.வுக்கு வெட்கம். மாதப்பன் மண்டியிட்டு அவளுக்குக் கயிறு கட்டிவிட்டான். இறுக்கமாக இருக்கிறதா, விரல் அசைகிறதா என்று கேட்டான்.

இருபது அடி தள்ளி நிற்கும் காலுக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது. என் காலை யாரும் பார்க்கவில்லை. அவன் நடை பழகியது இந்தப் பாதத்தின் மேல் ஏறி நின்றுதான்.

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை. கா.ப. கேட்டாள். அவள் கேட்டது கணக்கில் இல்லை.

புரட்டாசி 12, செவ்வாய்

மழை. பகல் முழுக்க. நாளை மறுநாள் நாராயணசாமி வருகிறார். வேனைக் கழுவினார்கள். கட்டைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பச்சையப்பன் பீடியைக் காதில் செருகி வைக்க ஆரம்பித்திருக்கிறான். பற்ற வைக்கவில்லை, விதி உடையவில்லை என்கிறான்.

மனசில் ஒன்று. அவர் பார்க்கும்போது அவள் ஒரு தப்பு செய்ய வேண்டும். சின்னதாக. விசிலை மாற்றி ஊத வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன், முனியப்பனை.

புரட்டாசி 15, வெள்ளி

நேற்று எழுதவில்லை.

நேற்று இருந்தவர்கள்: மாதப்பன். பச்சையப்பன். நாராயணசாமி. லாரி டிரைவர் ரங்கப்பா, மைசூர்க்காரன். கா.ப. நான், கொடியோடு.

சூளகிரிக்கு இந்தப் பக்கம். கடலைக்காய் மூட்டை ஏற்றிய லாரி, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை உடைந்து சாய்ந்து நின்றது. ரோட்டோரம் மழையில் ஊறிய மண். ஜாக்கிக்குப் பலகை போட்டார்கள். தூக்கினார்கள். சக்கரம் கழற்றினார்கள். கா.ப. அதை உருட்டிக்கொண்டு போய் அடியில் படுக்கப் போட்டாள், நான் சொன்னபடி. நாராயணசாமி, "இது எதுக்கு?" என்றார். அவள் என் பக்கம் கை காட்டி என்னவோ சொன்னாள். அச்சுக்கு அடியில் கட்டையை நிறுத்தினாள். கட்டைக்கும் அச்சுக்கும் இரண்டு விரல் இடைவெளி. சாவி கழுத்தில். ஒரு நீள விசில். மாதப்பன் உள்ளே போனான்.

எல்லாம் சரியாகச் செய்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றில்கூடத் தவறவில்லை.

அப்போது ஜாக்கிக்கு அடியில் பலகை ஒரு பக்கம் அமிழ ஆரம்பித்தது. அந்தப் பக்கம் நின்ற ரங்கப்பா முதலில் பார்த்தான். கட்டை பக்கத்தில் நின்றது கா.ப. அவளைப் பார்த்து, கட்டையைக் காட்டிக் கத்தினான்:

"எத்து! பேக எத்து!"

தூக்கு, சீக்கிரம் தூக்கி அடியில் பலகைத் துண்டு கொடுத்து அச்சோடு ஒட்டி வை என்கிறான்.

அவள் முகம் கீரைக்காரி நாளில் இருந்த மாதிரியே ஆனது. கட்டையைப் பார்த்தாள். பூட்ஸ் காலைப் பார்த்தாள். காலைப் பின்னால் எடுத்தாள்.

நான் பார்த்தேன். இருபது அடி. எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கு என்று ஒரு சொல், அவ்வளவுதான். என் குரல் மலைக்குக் கேட்கும் குரல். நாராயணசாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தட்டும், இவர் பார்க்கட்டும் என்று வந்தது எனக்குள். அதுதான் முதலில் வந்தது. மாதப்பன் அடியில் இருக்கிறான் என்பது அதற்குப் பிறகு வந்தது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன்.

எத்தினாள். பூட்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கட்டை அசைந்திருக்காது. உருண்டு போனது. ஜாக்கி சரிந்தது. லாரி இறங்கியது.

படுக்கப் போட்ட சக்கரத்தின் மேல் இறங்கி, நின்றது.

மாதப்பன் கத்தினான். கத்துகிறான் என்றால் இருக்கிறான். இடது கை டயர் மேல் ஊன்றி இருந்திருக்கிறது. சுண்டு விரலும் அடுத்ததும் நசுங்கிவிட்டன. பச்சையப்பனும் ரங்கப்பாவும் இன்னொரு ஜாக்கி வைத்துத் தூக்கி இழுத்தார்கள். கா.ப. மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சு வைத்துக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத்தான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். அப்புறம் திரும்பி வந்து இரண்டு விசில் ஊதினாள். ஆள் வெளியே வந்துவிட்டான் அல்லவா. விதி.

தூக்கு என்றுதானே சொன்னேன் என்று ரங்கப்பா தலையில் அடித்துக்கொண்டான். "நானு எத்து அந்தே! அந்தம்மா ஒதச்சிட்டாங்க! எத்து அந்தே!"

நான் கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வேன் கிளம்பும்போது பச்சையப்பன், "ஏறும்மா" என்று கத்தும் வரைக்கும்.

புரட்டாசி 16, சனி

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி. இரண்டு விரலும் இருக்கும், சுண்டு விரல் மடங்காது என்கிறார் டாக்டர். ஸ்பேனர் பிடிக்கலாம்.

வெளியே மரத்தடியில் நானும் அவளும். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தக் கீரக்காரம்மா. அன்னிக்கி தூக்குன்னுதான் சொன்னாங்களா?"

மேலே ஒரு அணில். அதைப் பார்த்தேன்.

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வி இல்லை. நான் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அஞ்சு வருசம் எங்க இருந்தே? எம் புருசன் செத்தப்ப நீ எங்க இருந்தே? ஒரு பாஷ தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு விசிலு? எல்லாம் நாக்கு நுனியில். அவள் மாரில் அடித்துக்கொள்வாள், நானும் அடித்துக்கொள்வேன், ஊர் கூடும், முடிந்துவிடும்.

அவள் எழுந்தாள். "செல்வி நஞ்சம்மா ஊட்ல எத்தினி நேரம் இருக்கும். பஸ்ஸு வந்துடும், போறேன். அவருக்கு கஞ்சி ஆத்தி குடுங்க. சூடா குடிச்சா திட்டுவாரு, ஆனா ஆறிப்போனாலும் திட்டுவாரு."

இது எனக்கு அவள் சொல்லித் தர வேண்டுமா?

புரட்டாசி 18, திங்கள்

வெயில். ராகி காய்ந்தது. கருப்புக் கோழி இட்டது.

இன்று இருந்தவர்கள்: மாதப்பன், கை தூளியில். பச்சையப்பன். நாராயணசாமி. செல்வி. அவள். நான்.

நாராயணசாமி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், எப்படி நடந்தது என்று. மாதப்பன் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சொல்லத்தான் போனேன். எதைச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அவள் முந்திக்கொண்டாள்.

"எந்தப்புதாங்க. டிரைவரு சொன்னது எனக்குப் புரியல. அத்த அங்கிருந்து தூக்கு தூக்குன்னு கத்துனாங்க. எங்காதுல உழல."

கத்தினேனாம்.

பச்சையப்பன், "நானும் இன்னமோ சத்தம் கேட்டங்க" என்றான். அவனுக்கு எப்போதும் எல்லாம் கேட்கும்.

மாதப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான். புரட்டாசி 4க்குப் பிறகு முதல் தடவை. கண்ணில் தண்ணீர். "நீ கத்துனியாம்மா?" என்றான்.

தலையை ஆட்டினேன். என் கழுத்து ஆட்டியது. நான் நிறுத்தவில்லை.

நாராயணசாமி சொன்னார்: அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் இன்று ஆள் இல்லை. கம்பெனி லிஸ்டில் அதைச் சேர்க்கச் சொல்கிறாராம். வேலை மாதப்பனுக்கே. ஒரு நிபந்தனை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழுகிற ஆள்தான் சாவிக்கும் கட்டைக்கும் பொறுப்பு. இங்கிலீஷ் பாரத்தை மருமகள் படித்துச் சொன்னால் போதும். அம்மா தமிழில் கையெழுத்துப் போடட்டும்.

போட்டேன்.

அவர் போன பிறகு அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சாவி வளையத்தை எடுத்தாள். என் முந்தானையை அவளே இழுத்து, அதில் வைத்து, முடிச்சுப் போட்டாள். இரண்டு முடிச்சு, நான் போடுகிற மாதிரி. எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாளோ. விசிலை மட்டும் செல்விக்காக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

பழைய பாரத்தை அடுப்புக்குப் போட எடுத்தேன். அடியில் பென்சில் எழுத்து, தமிழில்: "அத்தை சொல்: கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போட வேண்டும். மறக்கக் கூடாது." போடவில்லை. இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. மாதப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எங்கம்மா கத்துனாங்க என்று நஞ்சம்மாவிடம், பால்காரனிடம், போகிற வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல அவள் அடுப்பில் ஊதிக்கொண்டிருக்கிறாள், திரும்பாமல்.

முந்தானை கனக்கிறது. ஒரு சாவிதான்.

நான் மன்னித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்: பச்சை ரவிக்கைக்காரி. ரிட்டயர்டா என்று கேட்ட டிரைவர். எட்டாவது படிப்பைச் சொன்ன மாதப்பன். நாராயணசாமி. ரங்கப்பா. பர்கூர் கோவிந்தன், அவனும் வயசாகிச் செத்திருப்பான், போகட்டும். இருபது அடி தள்ளி நின்றவளை முனியப்பன் பார்த்துக்கொள்வார்.

ஒருத்தியை மாட்டேன். எனக்காகப் பொய் சொன்னவளை. ருக்மணி.